எட்டு வரி இடம்

ஜனவரி 4, வியாழன்

இந்த நாட்குறிப்பு எதிர்ச்சாரி உரக்கடைக்காரர் இலவசமாகக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் விவசாயிக்கு ஓர் அறிவுரை. இன்றைக்கு: 'விதையை நேர்த்தி செய்து விதைக்கவும்.' விதைத்தாயிற்று ஐயா, நாற்பத்தோரு நாவல். முளைத்ததைத்தான் காணோம்.

வருங்கால ஆராய்ச்சியாளர்களின் வசதிக்காக ஒரு குறிப்பு. இதை எழுதுபவன் சரித்திர நாவலாசிரியன் வேங்கைநாடன். ரேஷன் கார்டில் பொன்னுரங்கம். அரண்மனை திருச்சி பாலக்கரையில், இரண்டாம் மாடி, பின்பக்கப் போர்ஷன். என் பேனாமுனையில் இறந்த வீரர்களை வரிசையாகப் படுக்க வைத்தால் இங்கிருந்து கன்னியாகுமரி வரை போய், மிச்சம் பேர் கடலில் மிதப்பார்கள். கல்யாணம் செய்து வைத்த இளவரசிகள் எண்ணிலடங்கார். எனக்குத்தான் ஒருத்தியும் வாய்க்கவில்லை.

காலையில் உலையில் அரிசி போட்டு நின்றபோது கதவைத் தட்டினார்கள். வாடகைக்கு வீட்டுக்காரர்தான் என்று மூச்சை அடக்கிக் கொண்டேன். "ஐயா, வேங்கைநாடன் ஐயா இருக்காங்களா?" என்றது குரல். அந்தப் பெயரைச் சொல்லி இந்தக் கதவை யாராவது தட்டி ஒரு யுகம் இருக்கும். சோறு குழைந்தால் குழையட்டும் என்று திறந்தேன்.

நான்கு வெள்ளை வேட்டிகள். முன்னால் நின்றவர் பூபதி. நெடுங்கரட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகள் வைத்திருக்கிறாராம். 'மாவீரன் உதிரவேல் அரையன் வழித்தோன்றல் பேரவை'க்குத் தலைவராம். சால்வை போர்த்தினார். காலில் விழுந்தார்.

"எங்க பாட்டனை உலகத்துக்குக் காட்டினது நீங்கதான் ஐயா. வர்ற இருபத்தெட்டாம் தேதி சிலை திறக்கிறோம். குதிரை மேல, கையில வேலோட. நீங்கதான் திறக்கணும். 'வரலாற்றுப் பேரரசர்'னு பட்டம் தர்றோம்."

உதிரவேல் அரையனை நான் பெற்றெடுத்த கதை இது. எண்பத்தாறில் தங்கை தையல்நாயகியை நெடுங்கரட்டில் கட்டிக்கொடுத்தோம். மறுவீட்டுக்குப் போனேன். ஊருக்கு வெளியே ஒரு மொட்டைக் கரடு, அதன்மேல் பாதி இடிந்த சுவர். ஆடு அடைப்பதற்காக எவனோ கட்டியது. உள்ளே ஒரு மீசைக்காரன் ஆடுகளுக்கு மருந்து புகட்டிக்கொண்டிருந்தான். 'தமிழ்க்கேணி' வார இதழில் எனக்குத் தொடர் ஓடிக்கொண்டிருந்த நேரம். அத்தியாயம் கேட்டுத் தந்தி மேல் தந்தி. ஆட்டுப்பட்டி கோட்டையாயிற்று. மீசைக்காரன் அரையனாயினான். 'கரட்டுக்கோட்டைக் காவலன்' பிறந்தது. அதில் மீசை மட்டும் நிஜம்.

இதையெல்லாம் பூபதியிடம் சொல்லியிருக்கலாம். உள்ளுக்குள் சிரித்தேன், வெளியே சிரிக்கவில்லை. முப்பது வருஷமாக என் காலை யாரும் தொட்டதில்லை, சர்க்கரைப் புண் பார்க்கிற நர்ஸைத் தவிர.

சோறு குழைந்துவிட்டது. மோர் விட்டுக் கரைத்துக் குடித்தேன். அமிர்தம்.

ஜனவரி 6, சனி

தையல்நாயகி போனில். என் தங்கை 'ஹலோ' சொல்லும் வழக்கமில்லாதவள்.

"அண்ணே, உன் கதை என் புள்ளை வேலைக்கு உலை வச்சிருச்சு."

அவள் மகன் மதியழகன் நெடுங்கரடு அரசுப் பள்ளியில் சரித்திர வாத்தியார். நல்ல பிள்ளை. என்னிடம் சரித்திரத்தைக் கேட்டு வளர்ந்தும் சரித்திரத்தை ஒழுங்காகப் படித்த அதிசயப் பிறவி. சிலைத் திறப்பை ஒட்டிப் பள்ளியில் கட்டுரைப் போட்டி வைத்தார்களாம், 'நம் பாட்டன் உதிரவேல் அரையன்' என்று. ஒரு பிள்ளை இவனிடம் வந்து, "சார், அரையன் எந்த நூற்றாண்டு?" என்று கேட்டிருக்கிறது. இவன் சிரித்துக்கொண்டே, "எண்பத்தாறாம் வருஷம். எங்க மாமா உண்டாக்கினவரு" என்றிருக்கிறான்.

மறுநாள் பள்ளி வாசலில் கூட்டம். பாட்டனை அவமதித்துவிட்டான் என்று புகார். தலைமையாசிரியர் மெமோ கொடுத்துவிட்டார். முப்பதாம் தேதி கல்வி அலுவலகத்தில் விசாரணை. பால்காரன் பால் ஊற்றுவதில்லை. வீட்டுச் சுவரில் கரியால் 'நாகணையான் வீடு' என்று எழுதியிருக்கிறார்களாம்.

நாகணையான் என் நாவலில் கோட்டைக் கதவைத் திறந்துவிட்ட துரோகி. அவனையும் நான்தான் பெற்றேன்.

"நீ ஒரே ஒரு வரி எழுதிக் குடு அண்ணே. அப்படி ஒருத்தன் இல்ல, நான் கற்பனையா எழுதினதுன்னு. எழுதினவனே சொல்லிட்டா அப்புறம் எவன் பேசுவான்?"

"ஒரு வரி என்ன தையல், ஒரு காவியமே எழுதித் தர்றேன்."

"காவியம் வேணாம். ஒரு வரி."

அவளுக்கு இலக்கிய ரசனை கிடையாது. சின்ன வயசிலிருந்தே.

ஜனவரி 9, செவ்வாய்

கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். காவிரியில் தொடங்கினேன், நான் எதையும் காவிரியில் தொடங்குபவன். ஐந்தாம் பக்கத்தில் என் முன்னோர், எட்டாம் பக்கத்தில் கற்பனைக்கும் சரித்திரத்துக்கும் உள்ள காந்தர்வ மணம். பதினோராம் பக்கம் முடிந்தும் உதிரவேல் அரையன் வந்து சேரவில்லை. குதிரை தாமதம்.

சிலிண்டர் வந்தது. மாடி ஏற்றியவன் என்னைப் பார்த்து முனகியதை அப்படியே நாவலில் போட்டால் நாவலைத் தடை செய்வார்கள்.

பட்டு ஜிப்பா தைக்க அளவு கொடுத்தேன். தையற்காரர் மார்பளவு எடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடித்தேன். "விடுங்க சார், தைச்சப்புறம் மூச்சு விட்டுத்தானே ஆகணும்" என்றார். எந்த மரியாதையும் அறியாத தெரு.

கடிதம் நாளை.

ஜனவரி 13, சனி

மதியழகனே வந்துவிட்டான். நாலு மணி நேர பஸ். கையில் ரொட்டியும் மாம்பழச் சாறு பாட்டிலும். சர்க்கரைக்காரனுக்கு மாம்பழச் சாறு! கொலை முயற்சி என்று சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. இளைத்திருக்கிறான்.

பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் எடுத்தான். 'தமிழ்க்கேணி'யில் வந்த பதினேழாவது அத்தியாயத்தின் கடைசிப் பக்கம். அடிக்குறிப்பைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"இதான் மாமா அவங்க ஆதாரம். புகாரோட இணைச்சிருக்காங்க."

பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. அந்த வாரம் அத்தியாயம் எட்டு வரி குறைந்துவிட்டது. பக்கம் கட்டுபவர் போன் போட்டு, "எட்டு வரி இடம் இருக்கு சார், விளம்பரம் இல்ல, வெள்ளையா விட்டா அசிங்கமா இருக்கும், ஏதாச்சும் சொல்லுங்க" என்றார். கையில் பஜ்ஜி. நின்றபடியே ஒரு கல்வெட்டைச் சொன்னேன். சரித்திரத் தொடர் எழுதிய எல்லாரும் அடிக்குறிப்பு போட்டோம். போட்டால் வாசகன் நிமிர்ந்து உட்காருவான்.

'நெடுங்கரடு சிவன்கோயில் வடக்குச் சுவரில் இன்றும் காணலாம்: ஸ்வஸ்திஸ்ரீ. கரட்டுக்கோட்டை உடையான் உதிரவேல் அரையன் இக்கோயிலில் நந்தாவிளக்கு ஒன்று எரிய விட்ட ஆடு தொண்ணூறு. இத்தன்மம் காத்தான் பாதம் என் தலைமேலது. இதற்குக் கேடு நினைத்தான்'

அதோடு நிற்கிறது. எட்டு வரி முடிந்துவிட்டது. கேடு நினைத்தவன் என்ன ஆவான் என்று சொல்ல இடமில்லை.

"தொண்ணூறு ஆடு எங்கேர்ந்து மாமா வந்துச்சு?"

"பட்டியில பாத்தேனேடா."

மதி ஜன்னலைப் பார்த்தபடி மனைவி, மகள் கதையைச் சொன்னான். "சுகந்தி கடைத்தெருவுக்குப் போறதில்ல மாமா. பாப்பாவோட யாரும் பேசறதில்ல. 'நாகணை மக'ங்கிறாங்க. அவ ரெண்டாங் கிளாஸ். நாகணைன்னா என்னப்பான்னு கேக்குறா. நீங்க ஒரு லெட்டர் குடுங்க. இப்பவே. நான் இருக்கேன்."

"லெட்டர் எவன் படிப்பான்? ஃபைல்ல போட்டுக் கட்டிருவான். இருபத்தெட்டாம் தேதி மேடை. பத்தாயிரம் பேர். அத்தனை பேர் முன்னாடியும் முழங்குறேன், 'உதிரவேலன் என் மூளையில் முளைத்தவன்'னு. முப்பதாம் தேதி உன் விசாரணையில தூசுகூட மிஞ்சாது."

"மாமா, மேடையில நீங்க பேசினா ஆயிரம் யானை வரும். எனக்கு யானை வேணாம். ஒரு லெட்டர் போதும்."

"மாமன் மேல நம்பிக்கை இல்லையா?"

அவன் ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டான். சின்னப் பிள்ளையில் என் மடியில் உட்கார்ந்து போர்க்களம் கேட்பான். எத்தனை யானை மாமா, எத்தனை குதிரை மாமா என்பான். நான் சொல்லச் சொல்லக் கண் விரியும். இன்றைக்கு எதையுமே எண்ணிக் கேட்கவில்லை.

மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டான். பழச்சாற்றை மறந்து வைத்துவிட்டுப் போனான். குடித்தேன்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். பொங்கவில்லை, அடிப்பிடித்தது. அரசர் தனியாக உண்டார்.

ஜனவரி 20, சனி

பூபதியிடமிருந்து போன். குரலே குதித்தது.

"ஐயா, கண்டுபிடிச்சிட்டோம்! வடக்குச் சுவர்ல, சுண்ணாம்பைச் சுரண்டினா உள்ள இருக்கு. நீங்க எழுதின அதே கல்வெட்டு!"

"எதே?"

"அதே அட்சரம் ஐயா! எவனெவனோ கதைங்கிறான். இப்ப கல்லே பேசுது!"

அதிர்ச்சியில் பல்செட்டு டம்ளரிலேயே இருப்பதை மறந்து பேசிவிட்டேன். அவருக்கு நான் 'ஆஹா' என்றது போலக் கேட்டிருக்கிறது. நான் சொன்னது வேறு.

ஜிப்பா வந்துவிட்டது. தந்தநிறம். மார்பில் இறுக்கம்.

ஜனவரி 27, சனி

நெடுங்கரடு. பேரவையார் காரே அனுப்பினார்கள். தங்கை வீட்டில்தான் இறங்குவதாக இருந்தேன். ஆனால் அங்கே குந்தும் கக்கூஸ், என் முழங்காலுக்கு ஆகாது. ஆகவே லாட்ஜ். குளிர்சாதன அறை. தையல் கோபித்துக்கொள்ள மாட்டாள். சொல்லவில்லை.

வழியெல்லாம் என் படம். என் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், அதற்குப் பின்னால் குதிரை. நுழைவாயிலிலிருந்து கோயில் வரை என் முகத்தை எண்ணிக்கொண்டே வந்தவன், பாதியில் கணக்குத் தெரியாமல் விட்டேன். ஒன்றில் மூக்கின் மேல் காக்கை எச்சம் போட்டிருந்தது. விமர்சகர்கள் எங்கும் இருக்கிறார்கள்.

வடக்குச் சுவருக்கு அழைத்துப் போனார்கள். எண்ணெயும் அடுப்புக்கரியும் பூசிப் பழசாக்கியிருக்கிறார்கள். வாசனை போகவில்லை. விரலால் ஓர் எழுத்தின் பள்ளத்தைத் தடவினேன். நகக்கண்ணில் வெள்ளையாகக் கல்மாவு ஒட்டிக்கொண்டது. எழுத்தெல்லாம் பழைய வடிவம்போலப் பாவனை செய்து, நடுவில் களைத்துப்போய்த் தினசரி வடிவத்துக்கே திரும்பிவிட்டிருந்தது.

ஆனால் வரிகள் என்னுடையவை. தொண்ணூறு ஆடும் இருந்தன. 'இதற்குக் கேடு நினைத்தான்' என்று என் பக்கம் முடிந்த அதே இடத்தில் கல்லும் முடிந்திருந்தது. அதன் கீழே வெறும் சுவர். இன்னும் இருபது வரி வெட்டலாம். பக்கத்தில் பலகை: 'பிற்பகுதி காலத்தால் சிதைந்துள்ளது.'

நாற்பத்தோரு நாவல் எழுதினேன். முப்பது எடைக்குப் போனதை நானே பழைய பேப்பர் கடையில் பார்த்திருக்கிறேன். பஜ்ஜி தின்றுகொண்டே சொன்ன எட்டு வரி கல்லில் நிற்கிறது. கண் கலங்கியது. அடுப்புக்கரித் தூள்.

பூபதி என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"வாத்தியார் உங்க தங்கச்சி மகன்னு இப்பத்தான் ஐயா தெரிஞ்சுது. முன்னாடியே சொல்லியிருக்கலாமே. நம்ம வீட்டுப் பிள்ளை. மேடையில நீங்க இந்தக் கல்வெட்டப் பத்தி ரெண்டு வார்த்தை நல்லதாச் சொல்லுங்க. ஊர் மனசு குளிரும். புகாரை நானே வாபஸ் வாங்கிடறேன்."

"சொல்லலைன்னா?"

அவர் சிரித்தார். நல்ல பல்வரிசை. "ஐயா விளையாடுறீங்க."

மாலையில் மதி லாட்ஜுக்கு வந்தான். உட்காரவில்லை. "மாமா, எனக்காக ஒரே ஒரு தடவை சின்னதாப் பேசுங்க" என்றான். தலையாட்டினேன். ஜிப்பா ஹாங்கரில் தொங்குவதை அவன் பார்த்ததைப் பார்த்தேன்.

ஜனவரி 28, ஞாயிறு

சிலைத் திறப்பு. குதிரை பூட்டிய சாரட்டில் என்னை ஊர்வலமாக அழைத்து வந்தார்கள். கொட்டுச் சத்தத்தில் அடுத்த மாவட்டத்துத் தேங்காயெல்லாம் உதிர்ந்திருக்கும். மக்கள் வெள்ளம், மாடிகள், மரங்கள், ஒரு மரத்தில் போலீஸ்காரர். மாலைகள் என்னை மூக்கு வரை புதைத்தன.

அரையன் சிலைக்கு அந்த ஆட்டுக்காரனின் மீசை அச்சாக வந்திருக்கிறது. நாவலில் நான் எழுதியிருந்ததை அப்படியே கடைப்பிடித்திருக்கிறார்கள்.

பேச எழுந்தேன். சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஒரே வரி. வாயைத் திறந்தேன். அந்த நொடி கரண்ட் போய்விட்டது. மைக் செத்தது. நான் சொன்னது முன்வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது. விதி. பத்தாயிரம் பேர் நடுவில் மின்வாரியம் என்ற ஒரே பகைவன்.

பட்டம் தந்தார்கள். கேடயம் கனமானது.

ஜனவரி 29, திங்கள்

பாலக்கரை. காய்ச்சல். கேடயத்துக்கு அலமாரியில் இடமில்லை. அரிசி டிரம்மின் மேல் சாய்த்து வைத்திருக்கிறேன். சோறு வைக்க ஒவ்வொரு முறையும் 'வரலாற்றுப் பேரரசரை'த் தூக்கி இறக்க வேண்டும்.

பிப்ரவரி 1, வியாழன்

தையல் போன் செய்தாள்.

"விசாரணை முடிஞ்சுது அண்ணே."

"நான்தான் மேடையில சொல்லிட்டேனே தையல். பாழாப்போன கரண்ட்டு…"

"கரண்ட்டு இருந்துச்சு."

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"மைக்கு நல்லாத்தான் இருந்துச்சு. சுகந்தி போன்ல நேரலையாப் போட்டா. வீட்டுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு எல்லாரும் உக்காந்து பாத்தோம். பாப்பாகூட, 'தாத்தா தாத்தா'ன்னுச்சு. நீ எழுந்த. கொஞ்ச நேரம் சும்மா நின்ன. ஜனம் கைதட்டுச்சு. அப்புறம் சொன்ன. 'இந்த நாவலை நான் எழுதவில்லை. உதிரவேல் அரையன் என் கனவில் குதிரையேறி வந்தான். அவன் சொன்னான், நான் எழுதினேன். கல் பொய் சொல்லாது'ன்னு சொன்ன."

"அது… மதிக்காகத்தான். பூபதி வாபஸ் வாங்குறேன்னார்."

"வாங்கினார். வாங்கிட்டு, ஊர் மனசு ஆறணும்ல, பையன் ஒரு வரி மன்னிப்பு எழுதித் தரட்டும்னுட்டார். ஆபீஸ்ல உன் வீடியோவத்தான் போட்டுக் காட்டினாங்க. 'உங்க மாமாவே சொல்றாரே, நீங்க என்ன சார்?'னு. எழுதிக் குடுத்தான். எழுதிக் குடுத்தும் மலைமேல ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாத்திட்டாங்க. பஸ் போகாத ஊரு."

"என்ன எழுதினான்?"

"'மாவீரன் உதிரவேல் அரையன் இவ்வூரில் வாழ்ந்தார்'னு. ஒரே வரி. அவனுக்குச் சின்னதா எழுத வரும் அண்ணே. உனக்குத்தான் வராது."

வைத்துவிட்டாள்.

ஆக, மதியழகனும் சரித்திர எழுத்தாளனாகிவிட்டான். குடும்பத்தில் இரண்டாவது ஆள்.

நான்கு நாள் முன்னால் எழுதிய பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். மின்வாரியம் என்று எழுதியிருக்கிறேன். கிழிக்கலாமா என்று யோசித்தேன். உரக்கடைக்காரர் அந்தப் பக்கத்தின் அடியில் அச்சிட்டிருப்பது: 'களைகளை ஆரம்பத்திலேயே அகற்றவும்.' கிழிக்கவில்லை.

பிப்ரவரி 5, திங்கள்

எழுதினேன். காவிரி இல்லை, முன்னோர் இல்லை.

'உதிரவேல் அரையன் என் கற்பனை. அந்தக் கல்வெட்டும் என் கற்பனை. கி. பொன்னுரங்கம்.'

தபாலில் போட மனம் ஒப்பவில்லை. ஜிப்பாவைத் தொடாமல், சாயம் போன சட்டையோடு பஸ் ஏறிப் போய், கல்வி அலுவலகத்தில் அதிகாரி முன்னால் நேரில் வைத்தேன். நல்ல மனிதர். எழுந்து நின்று கும்பிட்டார். காப்பி வரவழைத்தார். காலேஜில் படிக்கும்போது என் எல்லாத் தொடரையும் படித்தவராம்.

கடிதத்தைப் படித்துச் சிரித்தார். "பெரியவங்களுக்கு அடக்கம் ஜாஸ்தி."

"அடக்கம் இல்லீங்க. இல்லாத ஆளு. நான்தான் உண்டாக்கினேன். அந்தப் பையன் சொன்னது நிஜம்."

"மேடையில கனவுல வந்தார்னு சொன்னீங்களே ஐயா. என் சம்சாரம் அழுதுட்டா."

"புளுகினேன்."

"பாசம். மருமகனுக்காகப் பேசுறீங்க. புரியுது." மேஜை இழுப்பறையிலிருந்து போட்டோவை எடுத்தார். வடக்குச் சுவர். "ஆனா கல்லுல இருக்கே ஐயா."

"கல் புதுசு. விரல்ல மாவு ஒட்டுது."

அவர் போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எந்தக் கல்லும் வெட்டின அன்னைக்குப் புதுசுதானே ஐயா. காப்பி ஆறுது, குடிங்க."

அவருக்கும் தெரியும். நான் நினைத்தது, தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று. அந்த அறையில் தெரியாதவர் யாருமில்லை. கடிதத்தை வாங்கிக் கோப்பில் வைத்து நாடாவால் கட்டினார். சர்க்கரை போட்ட காப்பி. குடித்தேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

மதி சாமான் ஏற்றும் நாள். போயிருந்தேன். டெம்போவில் பீரோ, கட்டில், தையல் மெஷின், பாப்பாவின் மூன்று சக்கரச் சைக்கிள். ஊரில் ஒருவரும் கை கொடுக்கவில்லை. நானும் மதியும் பீரோவைத் தூக்கினோம். ஆனையைத் தூக்கியிருக்கிறேன், எழுத்தில். இது பீரோ. இடுப்பு பிடித்துக்கொண்டது.

"லெட்டர் குடுத்துட்டேன்டா. நேர்ல."

"சரி மாமா."

"நம்பலையா?"

"நம்புறேன் மாமா. கயித்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க."

கோபித்திருந்தால் எதிர்வசனம் பேசியிருப்பேன். எனக்கு நூறு பக்கம் வரும்.

பாப்பா டெம்போ முன்சீட்டில் உட்கார்ந்து, "தாத்தா, மலையில சிங்கம் இருக்கா?" என்றாள். எத்தனை என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. மதி கயிற்றை முடிந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தான்.

"இல்லம்மா" என்றேன்.

மார்ச் 12, செவ்வாய்

பதிப்பாளர் பேசினார். எனக்குப் பத்து வருஷமாக இறந்துபோயிருந்தவர், சிலைத் திறப்பு வீடியோ பார்த்து உயிர்த்தெழுந்துவிட்டார். 'கரட்டுக்கோட்டைக் காவலன்' மறுபதிப்பாம். அட்டையில் கல்வெட்டுப் போட்டோவாம்.

"ஆசிரியர் குறிப்பு ஒண்ணு குடுங்க சார். கடைசிப் பக்கத்துல எட்டு வரி இடம் இருக்கு. அங்க போட்டுக்கலாம்."

எட்டு வரி! விதி என்னும் பக்கம் கட்டுபவருக்கு என் மேல் என்ன ஆசையோ.

"ஒரு வரி போதும்" என்றேன். "எழுதிக்குங்க. 'இந்நாவலில் வரும் உதிரவேல் அரையன் என்பவன் இருந்ததில்லை.'"

"…மிச்ச ஏழு வரி?"

"வெறுமனே விடுங்க."

"வெள்ளையா விட்டா அசிங்கமா இருக்குமே சார்."

"இருக்கட்டும்."

"பாக்கறேன் சார்" என்றார். இந்தத் தொழிலில் 'பாக்கறேன்' என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், நல்லதையே எதிர்பார்த்துக் கொத்தமல்லித் துவையல் அரைத்தேன்.

மார்ச் 30, சனி

ஆசிரியர் பிரதிகள் பத்து வந்தன. கட்டை அவிழ்த்து நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனேன்.

என் வரி இல்லை. அந்த இடத்தில், கட்டம் கட்டி: 'வரலாற்று ஆசிரியர் திரு. மதியழகன் எம்.ஏ., பி.எட். அவர்களின் சான்று: மாவீரன் உதிரவேல் அரையன் இவ்வூரில் வாழ்ந்தார்.' அதன் கீழே மீதி இடத்தில் பூபதியின் ஆழ்துளைக் கிணறு வண்டி விளம்பரம். எட்டு வரியும் நிரம்பிவிட்டது. அழகாகத்தான் இருக்கிறது.

இன்னும் முப்பது வருஷம் கழித்து எவனாவது இந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுப்பான். சிவப்பு வட்டம் போடுவான். அந்த வட்டத்துக்குள் என் மருமகனின் பெயரும் இருக்கும்.

பதிப்பாளருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.

பேனாவை எடுத்துப் பத்துப் பிரதியின் முதல் பக்கத்திலும் கையால் எழுத உட்கார்ந்தேன். 'உதிரவேல் அரையன் இருந்ததில்லை. கி. பொன்னுரங்கம்.' ஐந்து பிரதி ஒழுங்காகப் போயிற்று. ஆறாவதில் கை தானாக 'மாவீரன்' என்று சேர்த்துவிட்டது. அடித்தேன். அடித்த கோடு பக்கத்தையே கெடுத்துவிட்டது, கீழே மை வேறு ஊறிவிட்டது.

அந்தப் பிரதியைத்தான் மலைக்கு அனுப்பினேன்.